சோடாக் கோலியில் கண் வைத்த தகரக் கார்

சும்மா உட்காரச் சொன்னால் அதுதான் எனக்குத் தண்டனை. எங்கள் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கால்ல வெந்நிய ஊத்துனவன் மாதிரி ஏண்டா அலையிற?" என்பார். அவரே மறுநாள், "சும்மா இருக்குற கை சொறியிறதுக்கு எடந்தேடும், எதையாச்சும் தட்டிக்கிட்டே இரு" என்பார். முன்னது வசவு, பின்னது உபதேசம். நான் இரண்டையும் உபதேசமாகவே எடுத்துக்கொண்டு, அலைந்துகொண்டும் தட்டிக்கொண்டும் இருந்தேன்.

அறுபத்து மூன்றோ நாலோ இருக்கும். புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் எனக்கு டிங்கர் வேலை. பாலத்திலும் புளியமரத்திலும் இடித்துக்கொண்டு வருகிற பஸ்களுக்கு ஒடுக்கு எடுத்து, நெளிந்த தகரத்தை நேராக்க வேண்டும். ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன். ஆறு வருஷமும் டெம்பரவரிதான். அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலையில் முதல் பஸ்ஸில் போனால் பொழுது சாய வீடு திரும்புவேன். வாசலில் கால் வைத்ததும் என் சம்சாரம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பெர்மனன்ட் பண்ணிட்டாங்களா?" நான் சொல்கிற பதிலும் ஒன்றுதான்: "பண்ணுவாங்க."

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அவள் அய்யனாரிடம் போனாள். எனக்கு வேலை பெர்மனன்ட் ஆனால் ஒரு புரவி வைப்பதாக வேண்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் மண்குதிரையைத்தான் புரவி என்போம். வேளார் மண் குழைத்துச் செய்து, சுட்டு, வர்ணம் பூசி, எல்லாம் முடிந்தபிறகு கடைசியாகக் கண் திறப்பார். அப்புறம் ஊர்கூடி மேளத்தோடு எடுத்துப்போய் அய்யனார் கோவில் முன்னால் நிறுத்துவோம். நிறுத்தினது நிறுத்தினதுதான். வெயிலில் வெளுத்தாலும், காது மூக்கு உடைந்தாலும், வீட்டுக்குத் திருப்பி எடுத்து வந்தவர்கள் கிடையாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டும்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து, திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு செட்டியார் வீட்டுக்கு மேஸ்திரி என்னை அனுப்பினார். செட்டியாருக்கு மெட்ராஸில் பொம்மைக் கடை. கடைக்குப் பின்னாலேயே தகரப் பொம்மை செய்கிற பட்டறையும் வைத்திருந்தார். ஊருக்கு வந்த இடத்தில் அவருடைய காரின் மட்கார்டு ஊருணிப் படிக்கட்டில் இடித்துக்கொண்டது. அதற்கு ஒடுக்கு எடுக்க வேண்டும்.

மட்கார்டைக் கழற்றிவிட்டு, தரையில் விரிக்கப் பழைய பேப்பர் கேட்டேன். பினாங்கிலிருந்து சாமான் சுற்றி வந்த பேப்பரை ஒரு கட்டாகக் கொடுத்தார்கள். அதைப் பிரித்தபோது ஒரு பக்கத்தைப் பார்த்தேன். என் சுத்தியல் அப்படியே நின்றுவிட்டது.

கேலிப்படம். கார்தான், ஆனால் அப்படி ஒரு காரை நான் எந்த ரோட்டிலும் கண்டதில்லை. பின்சக்கரம் இரண்டும் மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி, முன்சக்கரம் எலுமிச்சங்காய் மாதிரி. பானெட்டே இல்லை. இஞ்சின் குடல் சரிந்தாற்போல் வெளியே கிடக்கிறது. பக்கத்துக்கு நாலு புகைக்குழாய், எட்டும் நெருப்பைக் கக்குகின்றன. கூரைமேல் யாரோ குண்டானவர் உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரே நசுங்கல். ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முட்டைக்கண், அதற்குக் கீழே வரிசையாகப் பல். நிற்கிற படம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக நெளிந்ததை நேராக்கிக்கொண்டிருந்தவன் நான். நேராக இருந்த வண்டியை ஒருத்தன் வேண்டுமென்றே நெளித்து வைத்திருக்கிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

"என்ன தம்பி, தட்டுற சத்தத்தக் காணோம்?" என்று செட்டியார் வந்தார். படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுவா! அமெரிக்காவுல பயலுக பழைய கார வாங்கி இப்புடித்தான் வெட்டி ஒட்டி ஓட்டுறானுகளாம். அதக் கேலி பண்ணி வரையிறாங்க. எங்கடைக்கு வர்ற பிள்ளைகளும் இந்த மாதிரிப் படத்தக் காட்டித்தான் பொம்மை கேக்குதுக. எம்பட்டறை ஆளுக ரயில் செய்வாங்க, கப்பல் செய்வாங்க. இது மட்டும் கைக்கு வரலேங்குறாங்க."

"நாஞ் செஞ்சா?"

வாயிலிருந்து அது எப்படி விழுந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த சுத்தியலையும் பார்த்தார்.

"வைகாசியில எங்க வீட்டுல கல்யாணம், அப்ப வருவேன். செஞ்சு வைங்க. சாவி குடுத்தா ஓடணும், பாத்தா சிரிப்பு வரணும். ரெண்டும் சரியா இருந்தா எங்கூடவே மெட்ராஸுக்குக் கெளம்பிருங்க. எனக்கு ஆள் வேணும்."

அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். சோற்றில் கை வைத்தால் விரல் தானாகத் தட்டின் விளிம்பை வளைத்துப் பார்க்கும்.

சம்சாரத்திடம் மெட்ராஸ் விஷயத்தைச் சொல்லவில்லை. நல்ல எண்ணம்தான். ஆகாமல் போனால் அவளுக்கும் ஏமாற்றம், எனக்கும் கேவலம். ஆனபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். "சொல்லாத சொல்லுக்கு விலையில்லை" என்று பெரியவர்கள் சொன்னது எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்கு நான் கொடுத்த விலை பின்னால்தான் தெரிந்தது.

மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலை. விடிகாலையில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுவதும். மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்து உடம்பு செய்தேன். அளவுக்குச் செட்டியார் காரையே கயிறு போட்டு அளந்து வந்திருந்தேன். பதினாலு அடி. அடிக்கு ஓர் அங்குலம் என்று பதினாலு அங்குலத்துக்குக் குறைத்தேன். சக்கரம், கதவு, கூரை எல்லாவற்றையும் அதே கணக்கில் குறைத்தேன். முதல் வண்டி முடிந்தது. பார்த்தால் அச்சு அசல் செட்டியார் கார். சிரிப்பு மட்டும் வரவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. படத்தை வரைந்தவன் பொய் சொல்லியிருக்கிறான், அந்தப் பொய்யையும் அளந்துதான் செய்ய வேண்டும். நூலைப் படத்தின்மேல் வைத்து அளந்தேன். வண்டி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு பின்சக்கரம்! மெய்யான காரில் அப்படி வைத்தால் டிரைவர் ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும். அப்படியே வைத்தேன். பழைய லாரி டயரைச் சீவிச் சக்கரத்துக்கு ரப்பர். ஆணியில் தகரத்தைச் சுற்றி எட்டுப் புகைக்குழாய். உடைந்த பேனா மூடிகளை நிறுத்தி இஞ்சின். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய டைம்பீஸின் சுருள்தான் உள்ளே ஓட்டுகிற விசை. சாவி கொடுத்து விட்டேன். வண்டி முன்னங்காலைத் தூக்கி, மாடு மிரண்டாற்போல் மல்லாக்க விழுந்து நொறுங்கியது. அது இரண்டாவது.

மூன்றாவதுக்கு முன்பக்கம் கனக்கட்டும் என்று மூக்கில் ஈயம் உருக்கி ஊற்றினேன். ஓடியது. கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடி, தொட்டியில் முட்டி நின்று, பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பசுமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. ஒர்க்‌ஷாப்பில் மிச்சம் விழுந்த பஸ் சிவப்பைப் பூசி, மஞ்சளில் நெருப்பு வரைந்தேன்.

பக்கத்து வீடு வேளார் வீடு. அய்யனாருக்குப் பூசை வைக்கிறவரும் அவர்தான். அந்த வைகாசிப் புரவியெடுப்புக்குக் குதிரைகளைச் செய்து காயப்போட்டிருந்தார். வேலி வழியாக எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பெரிய வேலையா நடக்குது. கண்ணு எப்பத் தெறக்குறீங்க?" என்று கேட்டார்.

நான் கண்ணைக் கடைசிக்குத்தான் வைத்திருந்தேன். வர்ணம் காயுமுன் கண் வைத்தால் கண்ணில் வர்ணம் அப்பிவிடும், அவ்வளவுதான் காரணம். தலைநிமிராமலே, "வெள்ளிக்கிழமை வேளாரே" என்றேன்.

"அப்ப எங்க குதிரைகளோட சேத்துத்தான். நல்லது, நல்லது" என்று போய்விட்டார். அவர் எதை நல்லது என்றார் என்று நான் யோசிக்கவில்லை. என் யோசனையெல்லாம் கண்ணில் இருந்தது.

உடைந்த சோடாப் புட்டியிலிருந்து எடுத்த இரண்டு கோலி. பின்பக்கம் வெள்ளை பூசி, நடுவில் கறுப்புப் பொட்டு வைத்து, முகத்தில் பதித்தேன். கண்ணாடிக்குள் அந்தப் பொட்டு பெரிதாகி உருண்டு திரண்டு முழித்தது. வெள்ளிக்கிழமை விடியலில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை செட்டியார் பார்ப்பார், திங்கட்கிழமை நான் மெட்ராஸ் கார் ஏறுவேன். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு வேலைக்குப் போனேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மூலை காலியாக இருந்தது.

சம்சாரம் குளித்து, பூ வைத்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது? நாம்பாட்டுக்கு வேளார் கிட்ட குதிரைக்குச் சொல்லணுமேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க ஒங்க கையாலயே செஞ்சிருக்கீங்க!"

"எதச் செஞ்சிருக்கேன்?"

"அதான், பஸ் கம்பெனிக்காரரு, குதிரை குடுத்தா நல்லாருக்குமா? வண்டிதேன் பொருத்தம்னு வேளாரே சொல்லிட்டாரு. நேத்துக் கண்ணும் தெறந்துட்டீங்களாமே. இன்னிக்கு மத்தியானம் புரவியெடுப்பு. சும்மாடு கூட்டித் தலையில வச்சு நான்தான் தூக்கிட்டுப் போனேன். ஊரே பாத்துச்சு."

"வேல இன்னும் பெர்மனன்ட் ஆகலையே புள்ள..." அது ஒன்றுதான் என் வாயில் வந்தது.

"அதையும் கேட்டேன். முன்னாடியே வச்சுட்டா சாமிக்கு வெக்கமாப் போயி வெரசாச் செஞ்சு குடுத்துரும்னாரு."

கண்ணைக் கடைசியில் திறப்பது, மாதக்கணக்கில் யாரிடமும் பேசாமல் செய்வது, வெள்ளிக்கிழமை. நான் செய்த எல்லாமே நேர்த்திக்கடன் செய்கிறவன் செய்வதாகவே இருந்திருக்கிறது. வேறு எந்த ஊராக இருந்தாலும், பல்லும் முட்டைக்கண்ணுமாக இருந்த அதைப் பார்த்துக் காறித் துப்பியிருப்பார்கள். எங்கள் ஊரில் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். அவளிடம் அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்ல?

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் கோவிலுக்கு ஓடினேன். புதுக்குதிரைகள் பதினொன்று வரிசையாக நின்றன. பன்னிரண்டாவதாக என் வண்டி. கழுத்தே இல்லாத அதற்கு ஒரு மாலையை இஞ்சின்மேல் சுற்றியிருந்தார்கள். புகைக்குழாய் ஒவ்வொன்றிலும் ஓர் அரளிப்பூ செருகியிருந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். கையும் நீண்டது. வேளார் உள்ளேயிருந்து வந்தார். நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் தாடையைச் சொறிந்தார். "எடுத்துக்கங்க தம்பி, நானா தடுக்கப்போறேன்? ஆனா சூடங் காட்டியாச்சு. அவரு ராத்திரி அதுல ஏறி ஊரச் சுத்திட்டு வந்துட்டாருன்னு இப்பவே பேச்சு. எறங்குங்கன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்துக்கங்க."

அய்யனாரைப் பார்த்தேன். மீசையும் அவரும். நீட்டின கை தானாகக் கும்பிட்டுக்கொண்டது.

நேரே செட்டியார் வீட்டுக்குப் போனேன். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி எங்கே என்று கேட்டார். சொன்னேன். நம்ப மாட்டாரோ என்று பயந்தேன். அவர் காரை எடுக்கச் சொல்லி, என்னையும் ஏற்றிக்கொண்டு கோவிலுக்கு வந்தார். கால்செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையைப் பார்த்து நடந்தார். வண்டிக்கு முன்னால் நின்றார். அவருடைய தோள் குலுங்கியது.

"சிரிப்பு வருது தம்பி. சாமி எடம், வாய்விட்டுச் சிரிக்க முடியல" என்றார். "ஓடுமா?"

"ஓடுங்க. சாவி எங்கிட்டதான் இருக்கு." இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

அவர் சாவியைப் பார்த்தார், அய்யனாரைப் பார்த்தார். "வேண்டாம். சாமி வண்டிய ட்ரயல் பாத்தவன்னு எனக்குப் பேரு வேணாம். இன்னொண்ணு செஞ்சு எடுத்துக்கிட்டு நீங்களே மெட்ராஸ் வாங்க. ஆடி முடியிற வரைக்கும் எடத்த வச்சிருப்பேன். அதுக்கு மேல முடியாது, தீவாளிச் சரக்குக்கு ஆள் வேணும்."

திங்கட்கிழமை அவர் கார் என்னை விட்டுவிட்டுப் போனது.

ஆனி பிறந்து பத்து நாள் இருக்கும். ஒர்க்‌ஷாப் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பயந்துகொண்டே போனேன். காகிதம் ஒன்றை நீட்டி, "பெர்மனன்ட். இனிமேயாச்சும் ஒரு எடத்துல நில்லு" என்றார். ஆறு வருஷம் கேட்டது. கையில் வாங்கினால் அது சூடான தகரம் மாதிரி இருந்தது, கீழே போடவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. வீட்டில் அன்றைக்குத் தெருவுக்கெல்லாம் சீனி. "வெக்கம் வந்துருச்சு பாத்தீங்களா!" என்று வேளார் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தார்.

நான் நாலாவது வண்டியைத் தொடங்கினேன். சுருள் புதுசு, சாவி மட்டும் பழசு. கை பழகிவிட்டதால் ஒரு மாதத்தில் முடிந்தது. கண் மட்டும் வைக்கவில்லை. இரண்டு கோலியும் வர்ணமில்லாமல் தகர மூடியில் கிடந்தன. ஆடி பாதி போய்விட்டது. தினமும் எடுத்துப் பார்ப்பேன், துடைப்பேன், வைப்பேன். கண்ணில்லாத வண்டி இரண்டு ஓட்டையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு ஏங்க கண்ணு வைக்கல?" ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்சாரம் கேட்டாள். "இது யாருக்கு வேண்டுனது?"

இனிமேல் சொல்லாமல் இருந்தால் இதையும் தலையில் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். சொன்னேன். பினாங்குப் பேப்பர், செட்டியார், மெட்ராஸ், ஆடிக் கெடு, எல்லாம். மடித்து மடித்துக் கிழிந்த படத்தையும் காட்டினேன்.

அவள் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "அப்ப அன்னிக்கு நான் தலையில தூக்கிட்டுப் போனது ஒங்க மெட்ராஸ் வேலையவா?"

நான் படத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

"எனக்குத் தெரிஞ்சா நாந் தொட்டிருப்பனா? ஊருக்கெல்லாம் வாய் ஓயாமப் பேசுவீங்க, ஒரு ஆளுகிட்டயும் ஒரு பழமொழி விடமாட்டீங்க. எங்கிட்டச் சொல்றதுக்கு மட்டும் வாயில கொழுக்கட்டையா?"

விளக்குமாற்றை மறுபடி எடுத்தாள். கொட்டகையைக் கூட்டினாள். கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினாள். நான் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாஞ் சாமிகிட்டக் கேட்டது பெர்மனன்ட் ஆகணும்னு. ஆக்கிக் குடுத்துட்டாரு. அவருக்கும் வண்டி போயிருச்சு. கணக்கு நேராயிருச்சு. அந்த வேலையில நீங்க இருந்தே ஆகணும்னு நாங் கேக்கவே இல்லையே?"

நான் அவளைப் பார்த்தேன். விளையாடுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

"ஆனா வேலைய விட்டுட்டேன்னு சொல்லாதீங்க. குடுத்த கை காயுறதுக்குள்ள மூஞ்சில எறிஞ்ச மாதிரி ஆயிரும். லீவு சொல்லிட்டுப் போங்க. ரெண்டு மாசம் பாருங்க. சரிப்பட்டா ஒரு காயிதம் போடுங்க, வாரேன். சரிப்படலேன்னா நீங்க வாங்க. இப்ப அந்தக் கோலிய எடுங்க."

வெள்ளையும் கறுப்பும் குழைத்தேன். ஒரு கண்ணை நான் வைத்தேன். இன்னொன்றை அவள் வாங்கிக்கொண்டாள். கோலப்பொட்டு வைக்கிற கைதான், ஆனால் கோலி விரலில் வழுக்கியது. பொட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு கண் நேரே பார்த்தது, ஒரு கண் பக்கவாட்டில் அடுப்படியைப் பார்த்தது. அழித்து வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மூன்றாவது வண்டிக்குத் தனியாகச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு அப்போது வந்தது, அவளுக்கும் வந்தது.

மேஸ்திரியிடம் லீவு கேட்டபோது, "பெர்மனன்ட் ஆன அடுத்த மாசமே லீவா? கால்ல ஊத்துன வெந்நி இன்னும் ஆறலையாடா?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியனுப்ப வந்தவள் தன் பழைய சேலைத்துணியில் வண்டியைச் சுற்றி, கண்ணுக்குமேல் இன்னொரு சுற்றுச் சுற்றி, புரவியைக் கொண்டுபோவது மாதிரி மடியில் வைத்திருந்தாள். பஸ் கிளம்பும்போது என் மடிக்கு மாற்றிவிட்டு இறங்கினாள். மெட்ராஸ் போய்ச் சேர்கிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். சரி என்றும் தலையாட்டியிருந்தேன். முழங்கால் ஆடிக்கொண்டே வந்தது. பாதி வழியில் இருக்கிற கீரனூராவது தாண்டட்டும், கீரனூராவது தாண்டட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கீரனூர் வருவதற்குள் அவிழ்த்துவிட்டேன்.